மென்தொடுவில்லை: சுகம் வேறு, நலம் வேறு

முன்னுரை

உறுப்புகளுள் தலை சிறந்தது. தலையினுள்ளும் கண் சிறந்தது என்பது நம் முன்னோர் கருத்து. அருமை மகவைக் 'கண்ணே' என்று அழைப்பதும், பொறுப்புடன் பேணுதலைக் 'கண்ணை இமை காப்பது போல' என்று சொல்வதும் இம்மண்ணின் வழக்கு. இமை காக்கும் அந்தக் கண்ணில், இமைக்கும் விழிக்கும் நடுவே ஓர் அயற்பொருளை நாமே எடுத்து வைத்துக்கொள்ளும் காலம் இது. காண்டாக்ட் லென்ஸ் என்று கடைகளில் வழங்கும் தொடுவில்லையே அப்பொருள்.

தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் ஆகிய ஊர்களின் கண்ணாடிக் கடைகளில் மூக்குக் கண்ணாடியோடு மென்தொடுவில்லையும் இன்று எளிதாகக் கிடைக்கின்றது. கல்லூரி மாணவ மாணவியர் பலர் அதனை விரும்பி அணிகின்றனர். அணிவோர் உள்ளத்தில் எழும் வினாக்கள் பெரும்பாலும் இரண்டே. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அணியலாம்? உறுத்தல் இல்லையென்றால் கழற்றாமலே இருந்துவிடலாகாதா? இவ்விரண்டாம் வினாவில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது. உறுத்தாமை என்பது சுகத்தின் அடையாளமே தவிர நலத்தின் அடையாளம் அன்று. இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

கண்ணைப் பற்றிய அறிவு வளர்ச்சியில் அரபு அறிஞர்களின் பங்கு பெரிது. பஸ்ரா நகரில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் தம் ஒளியியல் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழங்கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுட் புகுவதாலேயே நாம் காண்கின்றோம் என்பதை நிறுவினார். ஒளி முதலில் புகும் வாயில், கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல் கவிந்திருக்கும் ஒளி ஊடுருவும் படலமாகும். தமிழில் இதனைக் கருவிழிப் படலம் என்கிறோம். மருத்துவர் கார்னியா என்பர். இச்சொல்லின் வரலாறு மொழி பயில்வோர்க்குச் சுவையானது. கிரேக்க மருத்துவர் இப்படலத்தைக் கொம்பு போன்றது என்று பெயரிட்டனர். அதனை அரபு மருத்துவர் 'கர்னிய்யா' என்றனர். கர்ன் என்னும் அரபுச் சொல்லுக்குக் கொம்பு என்பதே பொருள். இலத்தீன் மொழியில் அது 'கார்னியா' ஆயிற்று. மெல்லிதாகச் சீவிய கொம்பு ஒளியை ஊடுருவ விடும். முற்காலத்தில் விளக்குக் கூண்டுகளில் கண்ணாடிக்கு மாற்றாகக் கொம்புத் தகடுகளைப் பதித்தனர். உவமை பொருத்தமானதே.

இப்படலத்தின் மேல் வில்லையைப் பொருத்திப் பார்வைக் குறையைத் திருத்தும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் செயலுக்கு வந்தது. ஜெர்மானிய மருத்துவரான அடால்ஃப் ஃபிக் 1888ஆம் ஆண்டில் கண்ணாடியால் ஆன தொடுவில்லையைப் பற்றி எழுதினார். விழியின் வெண்பகுதி வரை பரவிக் கிடந்த அப்பெரிய வில்லையைச் சிறிது நேரத்திற்கு மேல் எவராலும் தாங்க இயலவில்லை. 1948இல் அமெரிக்கரான கெவின் டூஹி, கருவிழியை மட்டும் மறைக்கும் சிறிய நெகிழி வில்லையை உருவாக்கினார். அது வன்மையானது, பழகிக்கொள்ள நாட்கள் பல பிடித்தன.

மென்வில்லையை உலகிற்கு அளித்தவர் செக்கோஸ்லோவாக்கிய நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே ஆவார். அவரும் டிராஹோஸ்லாவ் லிம் என்பவரும் இணைந்து, நீரை உறிஞ்சி மென்மையாகும் ஹெமா என்னும் நெகிழியை 1950களில் ஆக்கினர். அரசியல் காரணங்களால் 1958இல் கல்லூரிப் பதவியை இழந்த விக்டர்லே சோர்ந்துவிடவில்லை. 1961ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், தம் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் உலோகத் துண்டுகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு ஒரு சுழற்பொறி அமைத்தார். சுழலும் அச்சுக்குள் வார்த்த திரவம் மென்வில்லையாக உறைந்தது. முதன்முதலில் அவ்வாறு கிடைத்தவை நான்கு வில்லைகள்; அடுத்த சில மாதங்களில் அதே முறையில் 5,500 வில்லைகள் உருவாயின. 1971ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இவ்வகை வில்லையின் விற்பனைக்கு அனுமதி அளித்தது. பின்னர் அது உலகெங்கும் பரவிற்று.

படலத்தின் மூச்சு

நம் உடம்பின் ஏனைய பகுதிகளுக்கு உயிர்வளியைக் கொண்டு செல்வது குருதி. ஆனால் கருவிழிப் படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. இருந்தால் அது பளிங்கு போல் ஒளியை விடாது. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இப்படலம், தன் மீது படிந்திருக்கும் கண்ணீரில் கரைந்த காற்றிலிருந்தே தனக்கு வேண்டிய உயிர்வளியின் பெரும்பகுதியைப் பெறுகின்றது. கண் நேரே காற்றில் மூச்சு விடுகின்றது என்று சொன்னாலும் தவறில்லை.

காற்றில் உயிர்வளியின் அளவு 21 விழுக்காடு. நாம் இமை மூடி உறங்கும்போது இவ்வாயில் அடைபடுகின்றது; இமையின் உட்புறக் குருதிக் குழாய்களிலிருந்து கசிந்து வருவது மட்டுமே படலத்திற்குக் கிடைக்கும். அது காற்றில் உள்ளதன் மூன்றில் ஒரு பங்கு அளவே. அதனால் வில்லை அணியாதவர் கண்ணிலும் இரவுத் தூக்கத்தில் இப்படலம் 3 அல்லது 4 விழுக்காடு வீங்கும். விழித்த பின் சிறிது நேரத்தில் வீக்கம் வடிந்துவிடும்.

இந்நிலையில் படலத்தின் மேல் ஒரு வில்லையை வைத்தால் நிகழ்வது யாது? கதவுக்கு முன் திரை தொங்கவிட்டது போல் ஆகின்றது. திரை மெல்லியதாயின் காற்று வரும், தடித்ததாயின் வராது. ஆஸ்திரேலிய அறிஞர் பிரையன் ஹோல்டனும் ஜார்ஜ் மெர்ட்ஸும் 1984இல் இதனை அளந்து கூறினர். விழித்திருக்கும் கண் வீங்காதிருக்க வில்லையின் வழியே உயிர்வளி செல்லும் திறன் 24 அலகு இருத்தல் வேண்டும். உறங்கும் கண்ணில் வில்லை அணியாதபோது உண்டாகும் வீக்கத்திற்கு மேல் வீங்காதிருக்க 87 அலகு வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பகலைக் காட்டிலும் இரவில் மூன்றரை மடங்கு திறன் தேவைப்படுகின்றது. பழைய ஹெமா வில்லைகள் இந்த இரவு அளவை எட்டியதில்லை. 1999 முதல் விற்பனைக்கு வந்த சிலிகான் ஹைட்ரோஜெல் வில்லைகளுள் பல எட்டுகின்றன. ஆயினும் அதனால் மட்டும் இடர் நீங்கிவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சுகம் ஏமாற்றுவது எங்ஙனம்?

வன்வில்லை ஏறத்தாழ 9 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுடையது. இமைக்கும்தோறும் அதன் விளிம்பு இமையோடு உராயும், அதனால் உறுத்தும். மென்வில்லையின் விட்டம் 14 மில்லிமீட்டர் அளவினது. அது கருவிழியைக் கடந்து வெண்பகுதியின் மேல் படிந்து, மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் இமைகளுக்கு அடியில் மறைந்துவிடுவதால் இமை அதனை அறிவதில்லை. நீர் ஊறிய மென்மையும் அதற்குத் துணை. மென்வில்லையின் சுகம் என்பது இவ்வளவே.

இந்தச் சுகம் படலத்தின் மூச்சைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரிவிப்பதில்லை. காலணி கடித்தால் கால் சொல்லிவிடும். உயிர்வளி குறைந்தால் கண் உடனே சொல்வதில்லை. அதைவிட வியப்பானது ஒன்றுண்டு. நெடுங்காலம் உயிர்வளிக் குறைவில் வாழும் கருவிழிப் படலத்தில் உணர்ச்சி மழுங்குகின்றது. எனவே அளவு கடந்து அணிபவர், 'எனக்கு நன்றாகப் பழகிவிட்டது; வில்லை இருப்பதே தெரியவில்லை' என்று மகிழ்கின்றார். அதே வேளையில் வெண்விழியின் ஓரத்திலிருந்து புதிய குருதிக் குழாய்கள், உயிர்வளி தேடிப் படலத்தினுள் வேர் போல் இறங்கத் தொடங்கியிருக்கக் கூடும். மருத்துவரின் உருப்பெருக்கிக் கருவிக்கு அவை தெரியும், அணிபவருக்குத் தெரியா. ஆகவேதான் உறுத்தல் இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கண் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும் என்கின்றனர்.

எத்தனை மணி நேரம்?

புதிதாக அணிபவருக்கு முதல் நாள் 4 மணி நேரம் போதும். பின்னர் நாள்தோறும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கூட்டி, ஓரிரு வாரங்களில் 10 முதல் 12 மணி நேரத்தை எட்டலாம். பழகிய, நலமான கண்ணுக்கும் 12 முதல் 14 மணி நேரத்தையே மேல் எல்லையாகப் பொதுவாகக் கொள்வர். ஒருவரது கண்ணீரின் தன்மை, வில்லையின் வகை, செய்யும் பணி ஆகியவற்றைப் பொறுத்து மருத்துவர் இதனைக் குறைக்கவும் கூடும்.

நம் மாணவர் ஒருவரின் நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குலசேகரத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ பேருந்தில் வருபவர் காலை 7.30 மணிக்கு வில்லையை அணிகின்றார் என்க. மாலை 5.30 மணிக்கு வீடு சேரும்போது 10 மணி நேரம் முடிந்துவிடுகின்றது. இரவுப் படிப்பு இனிமேல்தான் தொடங்குகின்றது. அப்படிப்பையும் வில்லையோடு நடத்தினால் 15 மணி நேரம் ஆகிவிடும். வீடு வந்ததும் வில்லையைக் கழற்றிவிட்டு மூக்குக் கண்ணாடியை அணிந்து படிப்பதே அறிவுடைமை. ஆதலின் வில்லை வாங்குவோர், அதே திறனுடைய கண்ணாடி ஒன்றையும் கட்டாயம் வைத்திருத்தல் வேண்டும். கண்ணாடி இல்லாதவர், கண் சிவந்த நாளிலும் வேறு வழியின்றி வில்லையையே அணிய நேரும்.

நாளின் கடிகாரத்தைப் போல வில்லைக்கு வேறொரு கடிகாரமும் உண்டு. ஒரு நாள் வில்லை, இரு வார வில்லை, ஒரு மாத வில்லை என அவை விற்கப்படுகின்றன. ஒரு மாத வில்லையின் ஆயுள் உறையைத் திறந்த நாளிலிருந்து எண்ணப்பெறும். 'மாதத்தில் பத்து நாட்களே அணிந்தேன். ஆதலால் மூன்று மாதம் வரும்' என்று கணக்கிடுவது பிழை. ஒரு நாள் வில்லையைக் கழுவி மறுநாள் அணிவது அதனினும் பெரும்பிழை.

மாலை நேர உறுத்தல்

காலையில் சுகமாக இருந்த வில்லை மாலையில் உலர்ந்து உறுத்துவதாகப் பலர் குறைகூறுவர். இதற்குக் காரணங்கள் பல. கண்ணீரில் உள்ள புரதமும் கொழுப்பும் வில்லையின் மேல் படிந்து அதன் வழவழப்பைக் கெடுக்கின்றன. வில்லை தன் நீரை இழக்கின்றது. நாம் இமைப்பதும் குறைகின்றது. இயல்பாக நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முறை இமைக்கும் கண், புத்தகத்தையோ கணினியையோ கைப்பேசியையோ உற்று நோக்கும்போது அதில் பாதிக்கும் குறைவாகவே இமைக்கின்றது. இமைப்பது என்பது கண்ணீரை விழியின் மேல் புதிதாகப் பூசும் வேலை. பூச்சு நின்றால் உலர்ச்சி தொடங்கும்.

நம் மாவட்டத்தின் இயற்கையும் இதில் பங்கு கொள்கின்றது. மழையும் ஈரப்பதமும் மிகுந்த மேற்குப் பகுதியில் தாங்கும் வில்லை, ஆரல்வாய்மொழிக் கணவாயின் ஆடிக்காற்றில் தாங்குவதில்லை. காற்றாலைகளைச் சுழற்றும் அக்காற்று, பேருந்தின் சன்னலோரத்தில் அமர்ந்தவரின் வில்லையை உலர்த்தித் தூசியையும் சேர்க்கும். முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையும், அடுப்புப் புகையும், சாம்பிராணிப் புகையும் அவ்வாறே உறுத்தும். இருசக்கர வண்டியில் செல்வோர் முகம் மூடிய தலைக்கவசமோ சாதாரணக் கண்ணாடியோ அணிதல் நன்று. சுர்மாத் தூள் வில்லைக்கும் விழிக்கும் இடையே சிக்கினால் படலத்தைக் கீறும். வில்லை அணியும் நாட்களில் அதனை விலக்குதல் வேண்டும். ஏனைய ஒப்பனைகளையும் வில்லையை அணிந்த பின்னரே செய்து, வில்லையைக் கழற்றிய பின்னரே கலைத்தல் முறை.

உலர்ச்சிக்கு, வில்லை அணிவோர்க்கென உள்ள செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை இடலாம். ஆயினும் நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் உறுத்தத் தொடங்குமானால், அந்த நேரமே அக்கண்ணுக்குரிய எல்லை என்று கொண்டு கழற்றிவிடுவதே முதல் மருந்து. சுகம் நலத்தை அறிவிப்பதில்லை; ஆனால் சுகக்கேடு ஒன்றை அறிவிக்கும்போது அதனைக் கேளாதிருத்தல் தகாது.

உறக்கத்தில் வில்லை

வில்லையோடு உறங்குவதே அணிவோர் செய்யும் தவறுகளுள் தலையாயது. 1980களில், முப்பது நாட்கள் வரை இரவும் பகலும் கழற்றாமல் அணியலாம் என்று மென்வில்லைகள் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. அதன் விளைவை ஆராய்ந்த அறிஞர்கள் 1989இல் வெளியிட்ட கணக்கு இது: பகலில் மட்டும் மென்வில்லை அணிந்தோரில் ஆண்டுக்குப் பதினாயிரம் பேரில் 4.1 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாயிற்று. இரவிலும் அணியும் வகையைப் பயன்படுத்தியோரில் 20.9 பேருக்கு உண்டாயிற்று. ஐந்து மடங்கு வேறுபாடு! அதே ஆண்டில் முப்பது நாள் என்ற எல்லை ஏழு நாளாகக் குறைக்கப்பட்டது.

உயிர்வளியை மிகுதியாக ஊடுருவ விடும் சிலிகான் ஹைட்ரோஜெல் வில்லைகள் வந்தபோது இவ்விடர் தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர். 2001இல் மீண்டும் முப்பது நாள் அனுமதி வழங்கப்பட்டது. ஆனால் 2008இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. பழைய மென்வில்லையைப் பகலில் மட்டும் அணிந்தோரில் பதினாயிரத்திற்கு 1.9 பேர், இரவிலும் அணிந்தோரில் 19.5 பேர், புதிய சிலிகான் வில்லையை இரவிலும் அணிந்தோரில் 25.4 பேர். மூச்சு தாராளமாகக் கிடைத்தும் புண் குறையவில்லை. ஏனெனில் மூடிய இமைக்குள் கண்ணீர் தேங்கி நிற்கின்றது. இமைத்தல் இல்லாமையால் கழுவுதல் இல்லை. வில்லையில் ஒட்டிய கிருமிகள் இரவு முழுதும் விழியைத் தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. எத்தனை விலை கொடுத்து வாங்கிய வில்லையாயினும் உறங்குமுன் கழற்றுக என்பதே இவ்விரு கணக்குகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம். மதிய உணவுக்குப் பின் கண்ணயரும் அரைமணித் தூக்கத்திற்கும் இது பொருந்தும்.

நீரும் வில்லையும்

கிணறும் குளமும் ஆறும் நிறைந்த நம் நாட்டில் நீர் தூய்மையின் சின்னம். ஆனால் தொடுவில்லைக்கு நீர் பகையாகும். குடிக்கத் தகுந்த குழாய் நீரிலும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழக் கூடும். தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு அது உறங்கும்போது, நீரில் இடும் குளோரினும் அதனைக் கொல்வதில்லை. வில்லைக்கும் விழிக்கும் இடையே அது புகுந்தால் உண்டாகும் புண் கடும் வலி தரும். மாதக்கணக்கில் மருத்துவம் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் உப்பு நீர் கரைத்து வில்லையைக் கழுவியவர்கள் 1980களில் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஆளாயினர். உப்பில்லாத நன்னீர் பட்டால் மென்வில்லை விழியோடு இறுக ஒட்டிக்கொள்வதும் உண்டு. திற்பரப்பு அருவியிலோ, முட்டம் கடலிலோ, ஊர்க் குளத்திலோ, குளியலறையிலோ நீராடுமுன் வில்லையைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

இங்கே தொழுகையாளர் உள்ளத்தில் ஒரு வினா எழும். நாளில் ஐந்து வேளை ஒளுச் செய்பவர் யாது செய்வது? கண்ணின் உட்புறம் ஒளுவில் கழுவப்பட வேண்டிய இடமன்று என்பதே மார்க்கச் சட்ட நூல்களின் நிலை. ஆதலின் ஒளுவுக்காக வில்லையைக் கழற்ற வேண்டுவதில்லை. முகம் கழுவும்போது கண்களை நன்கு மூடிக்கொண்டு, துணியால் இமையோரத்து ஈரத்தை ஒற்றி எடுத்த பின்னர்க் கண்ணைத் திறந்தால் போதும். செய்யத் தகாதது ஒன்றுண்டு. ஹவுளில் ஒளுச் செய்த ஈரக் கையோடு உறுத்தும் வில்லையைத் தொட்டுச் சரிசெய்யலாகாது. வில்லையைத் தொடும் கை சோப்பிட்டுக் கழுவப்பட்டு, உலர்ந்து இருத்தல் வேண்டும். வெள்ளிதோறும் நகம் வெட்டும் நற்பழக்கம் இங்கும் உதவும். நீண்ட நகம் வில்லையையும் கிழிக்கும், விழியையும் கீறும்.

மதுரையும் சிங்கப்பூரும் கூறும் செய்தி

நம் நாட்டுச் சூழலில் கருவிழிப் புண் எத்தகையது என்பதை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் நடந்த ஆய்வு காட்டுகின்றது. 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் அங்கு வந்த கருவிழிப் புண் நோயாளர் 434 பேரை ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் புண்ணுக்கு முன் கண்ணில் காயம் பட்டவர்கள். வயல் வேலையில் பயிரும் தூசும் பட்ட சிறு கீறல்களே அவற்றுள் மிகுதி. கிருமி கண்டறியப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் பாக்டீரியா அன்று, பூஞ்சை. ஃப்யூசேரியம் என்னும் மண் பூஞ்சை அவற்றுள் முதன்மையானது. அந்நோயாளர் பெரும்பாலும் வில்லை அணிந்தவர் அல்லர். எனினும் நம் மண்ணிலும் காற்றிலும் எப்பூஞ்சை உலவுகின்றது என்பது இதனால் விளங்கும். கீறல் பட்ட கண்ணே அதற்கு வாயில். அழுக்கு வில்லை அத்தகைய கீறலை நாள்தோறும் உண்டாக்கவல்லது.

இதே பூஞ்சை தொடுவில்லை வழியே புகுந்த வரலாறும் உண்டு. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2005 மார்ச்சு முதல் 2006 மே வரை 66 பேர் ஃப்யூசேரியப் புண்ணுக்கு ஆளாயினர். அமெரிக்காவில் 164 பேருக்கு இந்நோய் உறுதி செய்யப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் பாஷ் அண்டு லோம் நிறுவனத்தின் 'ரெனு மாய்ஸ்சர்லாக்' என்னும் கழுவுதிரவத்தைப் பயன்படுத்தியவர்கள். 2006 மே மாதத்தில் அத்திரவம் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. திரவம் காய்ந்து சுண்டும்போதும், கிண்ணத்தில் எஞ்சிய பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றும்போதும் அதன் கிருமி கொல்லும் ஆற்றல் குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வுகள் கூறின. வில்லையின் ஈரத்தை நெடுநேரம் காத்துச் சுகம் தரும் என்று விற்கப்பட்ட திரவம் அது என்பது கருதத்தக்கது.

ஆகவே வில்லையைக் கழற்றியதும் திரவமிட்டு உள்ளங்கையில் மெல்லத் தேய்த்து அலசுதல், கிண்ணத்தின் பழைய திரவத்தை முற்றிலும் கொட்டிவிட்டுப் புதியதை நிரப்புதல், பகலில் கிண்ணத்தைத் திரவத்தால் அலசிக் கவிழ்த்து உலர்த்துதல், மூன்று மாதத்திற்கு ஒருமுறை கிண்ணத்தையே மாற்றுதல் ஆகிய நான்கும் தவறாது செய்ய வேண்டுவன. உமிழ்நீரால் வில்லையை நனைத்தல் கூடவே கூடாது.

நோன்பும் திருமணமும்

ஆண்டில் சில நாட்கள் நம் வழக்கமான நேரக் கணக்கைக் குலைத்துவிடும். ரமளான் மாதத்தில் சஹருக்கு எழுந்தவர் காலை 5 மணிக்கே வில்லையை அணிந்து, தராவீஹ் தொழுகை முடிந்து இரவு 10 மணிக்குக் கழற்றினால் 17 மணி நேரம் ஆகின்றது. பகலில் நீர் அருந்தாமையால் உலர்ச்சியும் கூடும். கல்லூரிக்குப் புறப்படும்போது அணிந்து, அஸர் வேளையில் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு தராவீஹுக்குச் செல்லுதல் நலம். கண்ணில் சொட்டு மருந்து இடுவதால் நோன்பு முறியாது என்பது ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் நிலையாதலால், வேண்டிய மருந்தை நோன்பைக் காரணம் காட்டித் தள்ளிவைக்க வேண்டுவதில்லை. ஐயமுற்றோர் ஆலிம்களை அணுகித் தெளிக.

திருமண வீடுகளிலோ வேறொரு கேடு நிகழ்கின்றது. அழகுக்காக நிறமூட்டிய வில்லையைத் தோழியர் ஒருவர்க்கொருவர் மாற்றி அணிகின்றனர். ஒருவர் கண்ணின் கிருமி மற்றவர் கண்ணுக்குச் செல்ல இதனினும் குறுக்கு வழி இல்லை. பார்வைக் குறை இல்லாதவர் அணியும் நிற வில்லைக்கும் மருத்துவரின் அளவும் அறிவுரையும் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்கள் சிந்திக்க வேண்டிய செய்தியும் இதில் உள்ளது. கண்ணாடி அணிந்த பெண்ணைக் குறையுடையவளாகக் கருதும் மனப்பான்மை பெண் பார்க்கும் வேளையில் இன்னும் தலைகாட்டுகின்றது. அதற்கு அஞ்சி வில்லைக்கு மாறும் பெண், மணமான பின்னும் புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் மறைக்க முற்பட்டால், வைகறை முதல் நள்ளிரவு வரை அணிவாள். சில வேளை அதனோடே உறங்கவும் செய்வாள். மேலே கண்ட கணக்குகளில் எந்தப் பக்கத்தில் அவள் கண் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பார்வைக் குறை பழிக்கத்தக்க குற்றம் அன்று. அதனைத் திருத்தும் கண்ணாடி இழிவும் அன்று. வீட்டில் தயக்கமின்றிக் கண்ணாடி அணியும் உரிமை, வில்லை அணியும் பெண்ணுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மருத்துவமாகும்.

சிவந்த கண்ணுக்கு

வில்லை அணிபவரின் கண் சிவந்தாலும், வலித்தாலும், வெளிச்சம் கூசினாலும், பார்வை மங்கினாலும், பீளை தள்ளினாலும் முதலில் செய்ய வேண்டியது வில்லையைக் கழற்றுதல். கழற்றிய பின்னும் குறையாவிடின் அன்றே கண் மருத்துவரைக் காணுதல் வேண்டும். வில்லையையும் கிண்ணத்தையும் உடன் எடுத்துச் சென்றால் கிருமியைக் கண்டறிய அவை உதவும்.

நம்மவரிடையே உள்ள இரு பழக்கங்கள் இவ்வேளையில் தீங்கு செய்வன. தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ கண்ணில் பிழிதல் ஒன்று. மருந்துக் கடையில் 'கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து' என்று கேட்டு வாங்கி இடுதல் மற்றொன்று. அவ்வாறு வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்குமானால் சிவப்பு விரைவில் மறையும். கண்ணும் சுகமாகத் தோன்றும். உள்ளே பூஞ்சையோ தடையின்றிப் பெருகும். பின்னர்ப் படலத்தில் வெண்தழும்பு விழும். 'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்பர். அப்பூவைக் களையப் பிறர் தானம் செய்த கருவிழியை எதிர்பார்த்துக் காத்திருக்க நேரும். இங்கும் சுகமே மனிதனை ஏமாற்றுகின்றது.

முடிவுரை

விளையாட்டுத் துண்டுகளைக் கொண்டு ஓர் அறிஞர் வீட்டில் வார்த்தெடுத்த மென்வில்லை, கோடிக்கணக்கான மக்களுக்குக் கண்ணாடியின் சட்டமில்லாத பார்வையை அளித்திருக்கின்றது. அதனை அஞ்சி ஒதுக்க வேண்டுவதில்லை. பகலில் அளவோடு அணிந்து, இரவில் கழற்றி, நீர் படாது காத்து, குறித்த நாளில் மாற்றுவோர்க்கு அது நல்ல துணையே. வேண்டுவது ஒன்றுதான்: கண் உறுத்தும் வரை அணிவோம் என்னும் எண்ணத்தை விடுத்து, கடிகாரம் காட்டும் எல்லையில் கழற்றும் கட்டுப்பாடு.

ஞானப்புகழ்ச்சி பாடிய பீர் முகம்மது அப்பா அவர்கள் அடங்கியிருக்கும் இத்தக்கலை மண்ணில் அகக்கண்ணின் பெருமை நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகின்றது. கல்வியால் அகக்கண் திறக்க வந்திருக்கும் நம் மாணவச் செல்வங்கள், இறைவன் அமானிதமாக அளித்த புறக்கண்ணையும் பேணிக் காத்தல் கடமையாகும். கண் கெட்ட பின் வருந்திப் பயனில்லை. அளவறிந்து அணிந்து, நலமறிந்து வாழ்வோமாக!